வின்னிபெக் மைனஸ் 30இல் ஆல்-சீசன் டயர் போதுமா, விண்டர் டயர் வாங்கியே ஆகவேண்டுமா?

கோவைக்காரன் | அக்டோபர் 5, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாகக் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். வேலை மாற்றத்தால் நவம்பர் நடுவில் குடும்பத்தோடு வின்னிபெக்குக்குக் குடிபெயர்கிறோம். கார் 2019 கொரோலா. டயர் அளவு 205/55 ஆர்16. இப்போது போட்டிருப்பது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஆல்-சீசன், சென்ற ஆண்டு வாங்கியது, பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. டொராண்டோவின் குளிர்காலத்தை இதே வகை டயரில்தான் கழித்திருக்கிறேன். 401 நெடுஞ்சாலையில் பனி கொட்டிய நாட்களிலும் கார் சொன்னபடி கேட்டது.

வின்னிபெக் வேறு மாதிரி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மைனஸ் 30 என்பது அங்கே செய்தியே இல்லையாம். வீடு மாற்றும் செலவு, வாடகை முன்பணம் எல்லாம் சேர்ந்து கை இறுக்கமாக இருக்கிற நேரத்தில் நான்கு புது டயருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போடவேண்டுமா என்று தயங்குகிறேன். என் மனைவி இந்த ஆண்டுதான் ஓட்டுநர் உரிமம் எடுத்தார். மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடப்போவது அவர்தான். அதனால் முடிவை அவசரமாக எடுக்க மனம் வரவில்லை. குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

மிசிசாகாவாசி | அக்டோபர் 5, இரவு 10:40

நண்பரே, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்-சீசன் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள், 'எம்+எஸ்' என்று பொறித்திருக்கும். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லும்போது நமக்கு என்ன சந்தேகம்? நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலும் விண்டர் டயர் கட்டாயமில்லை, வின்னிபெக் உள்ள மனிட்டோபாவிலும் கட்டாயமில்லை. அவசியம் என்றால் அரசாங்கம் சட்டம் போட்டிருக்காதா? முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்து, பிரேக்கை மெதுவாக மிதித்தால் போதும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் ஓட்டுகிறேன். டயரைவிட ஓட்டுகிறவரின் நிதானம்தான் முக்கியம்.

வின்னிபெக் செவிலி | அக்டோபர் 6, காலை 6:25

தம்பி, இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன். டொராண்டோவில் ஆல்-சீசன் டயர் உங்களை ஏமாற்றவில்லை என்கிறீர்கள். அங்கே உங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் சாலையில் போட்ட உப்பு. பனி விழுவதற்கு முன்பே உப்பு வண்டிகள் வந்துவிடும். விழுந்த பனி உருகி, கறுப்புச் சாலை வெளியே தெரியும். நீங்கள் ஓட்டியது ஈரமான தார்ச்சாலையில்.

இங்கே அந்த வசதி பாதி நாட்களுக்கு இல்லை. சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது. அதனால் மணலைத்தான் தூவுகிறார்கள். டிசம்பரில் விழுந்த பனி அப்படியே இறுகி, வண்டிகள் ஏறி ஏறி அமுங்கி, குடியிருப்புத் தெருக்களில் மார்ச் வரைக்கும் வெள்ளைத் தளமாகக் கிடக்கும். தார் கண்ணில் படவே படாது.

இதைவிட மோசமான இடம் சிக்னல் சந்திப்புகள். பெம்பினா நெடுஞ்சாலையிலோ போர்ட்டேஜ் அவென்யூவிலோ ஜனவரியில் காலை ஏழு மணிக்கு வந்து பாருங்கள். சிவப்பு விளக்கில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வரும் ஈரம் சாலையில் படிந்து உறைகிறது. விளக்கு பச்சையானதும் சக்கரங்கள் சுழன்று அதைத் தேய்த்து மெருகேற்றுகின்றன. கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசி இருபது முப்பது மீட்டர் கண்ணாடி மாதிரி மினுங்கும். நிற்கவேண்டிய இடமே வழுக்குகிற இடமாக இருக்கிறது. மிசிசாகா அண்ணனின் நிதானத்தை மதிக்கிறேன், ஆனால் அவர் சொல்கிற அனுபவம் உப்பு போட்ட சாலையின் அனுபவம்.

மொன்றியல் கராஜ் | அக்டோபர் 6, காலை 11:05

செவிலி தங்கை சாலையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் டயரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இதுதான் தொழில். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் தேதி வரை எங்கள் கராஜில் மூச்சுவிட நேரம் கிடைக்காது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். 2008இல் வந்த சட்டம். இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 200 டாலர் தண்டம். மிசிசாகா நண்பர் "அவசியம் என்றால் சட்டம் வந்திருக்காதா" என்று கேட்டதற்கு இது ஒரு பதில். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அக்டோபர் 1 முதல் பெரும்பாலான மலைச் சாலைகளுக்கு விதி இருக்கிறது.

எம்+எஸ் எழுத்தை நம்பவேண்டாம். அது டயரின் மேல் உள்ள பள்ளங்களின் அமைப்பைக் குறிப்பது. தொடுபரப்பில் கால்வாசி அளவு இடைவெளி இருந்தால் அந்த எழுத்தைப் பொறிக்கலாம். பனியில் ஓட்டிச் சோதிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் தேடவேண்டியது மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள சின்னம். 1999இல் வந்தது. அமுங்கிய பனியில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுத்துக் காட்டினால்தான் அதைப் பொறிக்கமுடியும். 2014 டிசம்பரிலிருந்து கியூபெக் இந்தச் சின்னத்தைத்தான் ஏற்கிறது.

இனி ரப்பர். பள்ளத்தின் ஆழத்தைவிட முக்கியமானது இதுதான். நம் வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெய் வெயிலில் ஓடுகிறது, குளிரில் கட்டியாகிவிடுகிறது அல்லவா? போத்தல் அதே போத்தல், எண்ணெய் அதே எண்ணெய், வெப்பநிலை மட்டும்தான் மாறியது. ஆல்-சீசன் ரப்பர் கோடையில் 35 டிகிரி தாரில் தேயாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சற்றுக் கடினமாகக் கலக்கப்படுகிறது. 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்கத் தொடங்கும். மைனஸ் 25இல் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அசையாது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கிப் பிடித்தால்தான் பிடிப்பு. விறைத்த ரப்பர் மேலே வழுக்கிக்கொண்டு போகும்.

விண்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். மேற்பரப்பில் ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெளிநெளியாக ஓடும். நகத்தால் பிரித்தால் வாய் திறக்கும். பனிக்கட்டியின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அந்த வெட்டுகள் வாங்கிக்கொள்கின்றன, விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. ஆல்-சீசனிலும் வெட்டுகள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, ரப்பர் விறைத்துவிட்டால் அவையும் திறக்காது.

மிசிசாகாவாசி | அக்டோபர் 6, பிற்பகல் 1:30

மொன்றியல் அண்ணன் சொன்ன சின்னத்தின் விவரம் பயனுள்ளது, நன்றி. ஆனாலும் ஒரு கேள்வி. பனிக்கட்டி மிகவும் வழுக்குவது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான், மேலே நீர்ப்படலம் இருக்கும்போது. மைனஸ் 30இல் பனிக்கட்டி காய்ந்து சொரசொரப்பாகிவிடும், காலணியே நன்றாகப் பிடிக்கிறது. அப்படியானால் வின்னிபெக்கின் கடுங்குளிர் ஒருவகையில் டொராண்டோவைவிடப் பாதுகாப்பானது அல்லவா?

வாட்டர்லூ கணக்கு | அக்டோபர் 6, மாலை 5:48

கேள்வியின் முதல் பாதி சரி. குளிர் கூடக்கூடப் பனிக்கட்டியின் வழுக்கல் குறைகிறது. ஆனால் டயரும் சாலையும் சேர்ந்துதான் பிடிப்பு. வெப்பநிலை இறங்கும்போது சாலை கொஞ்சம் பிடிமானத்தைத் தருகிறது, ஆல்-சீசன் ரப்பர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. செவிலி அக்கா சொன்ன மெருகேறிய சந்திப்புகளில் அந்தச் சொரசொரப்பும் இல்லை. அதோடு, வின்னிபெக்கின் குளிர்காலம் முழுவதும் மைனஸ் 30 அல்ல. நவம்பரிலும் மார்ச்சிலும் பகலில் உருகி இரவில் உறைகிற நாட்கள் வரும். நீங்கள் சொன்ன அந்த ஆபத்தான பூஜ்ஜியம் டிகிரி அங்கேயும் உண்டு.

பிடிப்பில் ஒரு சிறிய வித்தியாசம் என்ன செய்யும் என்பதை எண்ணில் பார்ப்போம். மெருகேறிய பனிக்கட்டியில் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பைக் காட்டும் எண், 0.10 அளவில் இருக்கும் என்பது பாடநூல் மதிப்பு. இன்னொரு டயர் 0.15 தருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு கார்களும் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன. 0.15 உள்ள கார் 42 மீட்டரில் நிற்கிறது. 0.10 உள்ள கார் 63 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 23 கி.மீ. அந்த வேகத்தில் நடந்துபோகும் ஒருவர்மேல் மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மிசிசாகா நண்பருக்கு நியாயமாக இதையும் சொல்லவேண்டும். வேகத்தை 30ஆகக் குறைத்தால் 0.10 டயரும் 35 மீட்டரில் நின்றுவிடும். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவதால் நிதானமாக ஓட்டுவது உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. ஆனால் நிதானத்தோடு நல்ல டயரும் இருந்தால் 30 கி.மீ. வேகத்தில் 24 மீட்டர் போதும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளவேண்டியதில்லை.

செலவு பற்றி ஒரு வரி. குளிர்காலத்தில் விண்டர் டயர் ஓடும்போது ஆல்-சீசன் கராஜில் ஓய்வெடுக்கிறது. இரண்டு செட்டும் பாதி வேகத்தில்தான் தேயும். ரிம்முக்கும் மாற்றும் கூலிக்கும் ஆவதுதான் உண்மையான கூடுதல் செலவு.

எட்மன்டன்வாசி | அக்டோபர் 6, இரவு 8:15

இடையில் ஒரு வழி இருக்கிறது, யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆல்-வெதர் டயர். ஆல்-சீசன் வேறு, இது வேறு. இதில் மலையும் பனித்துகளும் உள்ள சின்னம் உண்டு, ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். மிஷ்லின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ், நோக்கியனின் டபிள்யூஆர் வரிசை எல்லாம் இந்த வகை. எங்கள் வீட்டில் இரண்டாவது காருக்கு இதைத்தான் போட்டிருக்கிறோம். கடைக்கும் கோவிலுக்கும் போய்வரும் கார் அது. புதிதாக விழுந்த பனியில் அருமையாக இழுக்கிறது, குடியிருப்பின் மேட்டுச் சாலையில் சுலபமாக ஏறுகிறது. நான் தினமும் வேலைக்கு அந்தோனி ஹென்டே வளையச் சாலையில் ஓட்டும் காருக்கு மட்டும் முழு விண்டர் டயர். காரணம் பனிக்கட்டி. பனியில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார்தான், பனிக்கட்டியில் பிரேக் போடும்போதுதான் தெரிகிறது.

கோவைக்காரன் | அக்டோபர் 6, இரவு 10:02

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வாட்டர்லூ நண்பரின் 23 கி.மீ. கணக்கை மனைவியிடம் காட்டினேன். அவர் அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு கேள்விகள். எட்மன்டன் நண்பர் சொன்ன ஆல்-வெதர் எங்கள் ஒரே காருக்குப் போதுமா? இரண்டாவது, அலுவலகத்தில் ஒருவர் பழைய விண்டர் டயர் நான்கையும் 250 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். அளவு பொருந்துகிறது. பக்கச்சுவரில் கடைசியாக 4116 என்ற எண் இருக்கிறது. பள்ளம் 5 மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னார். வாங்கலாமா?

மொன்றியல் கராஜ் | அக்டோபர் 7, காலை 7:50

தம்பி, அந்த 250 டாலரைக் கொடுக்காதீர்கள். 4116 என்றால் 2016ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் ஆண்டு போகப்போக இறுகும். விண்டர் டயருக்கு இளக்கம்தான் உயிர், அது போனபிறகு மலைச் சின்னம் பக்கச்சுவரில் இருந்து என்ன பயன்? பள்ளமும் 5 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பது கோடைக் கணக்கு. பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே விண்டர் டயரை விண்டர் டயர் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளத்துக்குள் அந்த உயரத்தில் ஒரு குட்டி மேடு தனியாக வைத்திருப்பார்கள், மேற்பரப்பு அதைத் தொட்டால் மாற்றும் நேரம். சில டயர்களில் மென்மையான ரப்பர் மேல் பகுதியில் மட்டும்தான் இருக்கும், தேய்ந்தால் கீழே இருப்பது சாதாரண ரப்பர். உங்களுக்கு ஒரு குளிர்காலம்கூட முழுதாக வராது.

ஆல்-வெதர் பற்றி எட்மன்டன் நண்பர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அந்த மலைச் சின்னத்துக்கான சோதனை அமுங்கிய பனியில் முன்னோக்கி இழுப்பதைத்தான் பார்க்கிறது. பனிக்கட்டியில் நிற்பதைப் பார்ப்பதில்லை, வளைவில் பிடிப்பதையும் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் 2021 மே மாதத்திலிருந்து டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிப்புக்கு என்றே தனிச் சின்னம் வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு திறமை என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். ஆல்-வெதர் டயர் ஜூலை வெயிலையும் தாங்கவேண்டியிருப்பதால் ரப்பரை ஓரளவுக்கு மேல் இளக்கமுடியாது. டொராண்டோவிலோ வான்கூவரிலோ இருக்கிற ஒருவர் கேட்டால் ஆல்-வெதர் வாங்கச் சொல்வேன், சந்தோஷமாகச் சொல்வேன். வின்னிபெக்கில் ஒரே கார், புதிதாக ஓட்டப் பழகிய மனைவி, பள்ளிக்கூட நேரம், மெருகேறிய சந்திப்பு. இதற்கு முழு விண்டர் டயர்தான்.

பனிக்கட்டிப் பிடிப்புக்கு உலோக ஆணி பதிக்காத டயர் இவ்வளவு முன்னேறியதற்கு ஜப்பானுக்கு நன்றி சொல்லவேண்டும். அங்கே வடக்கு நகரங்களில் எல்லோரும் ஆணி டயர் போட்டு ஓட்டி, சாலை அரைபட்டு, தூசி காற்றில் கலந்து மக்களுக்கு மூச்சுத் தொல்லை. 1990இல் சட்டம் கொண்டுவந்து ஆணி டயரை ஒழித்தார்கள். அந்தக் கட்டத்தில் வந்ததுதான் 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிசாக். ரப்பருக்குள் நுண்ணிய துளைகளை வைத்து நீர்ப்படலத்தை உறிஞ்ச வைத்தார்கள். பின்லாந்தின் நோக்கியன் இன்னும் பழைய கை, 1934இலேயே குளிர்கால டயர் செய்தவர்கள். இந்த இரண்டு வரிசையும் மிஷ்லின் எக்ஸ்-ஐஸ் வரிசையும் என்னிடம் வருகிறவர்களில் யாரும் குறை சொல்லாதவை. பணம் போதவில்லையென்றால் இரண்டாம் நிலை நிறுவனத்தின் புது விண்டர் டயர் வாங்குங்கள். பெயர்பெற்ற ஆல்-சீசனைவிட அது மேல்.

நயாகரா புதியவர் | அக்டோபர் 7, காலை 9:33

குறுக்கே ஒரு கேள்வி. கொரோலா முன்சக்கர இழுவை வண்டிதானே? இழுக்கிற இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விண்டர் டயர் போட்டால் பாதிச் செலவில் முடிந்துவிடாதா?

மொன்றியல் கராஜ் | அக்டோபர் 7, காலை 9:51

வேண்டவே வேண்டாம். முன்சில்லு பிடிக்கும், பின்சில்லு வழுக்கும். வளைவில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். நான்கும் ஆல்-சீசனாக இருப்பதைவிட இது ஆபத்து. நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சில்லில்தான் பிரேக், அதில் உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

சட்பரி மாணவி | அக்டோபர் 7, பிற்பகல் 3:20

கோவை அண்ணா, நீங்கள் காரை ஓட்டிக்கொண்டேதான் வின்னிபெக் போகப்போகிறீர்களா? அப்படியானால் டயரை அங்கே போய்ப் போடலாம் என்று விட்டுவிடாதீர்கள். கனடா வழியாகவே போனால் சுமார் 2,200 கி.மீ. சட்பரி தாண்டி, சூ செயின்ட் மரி, வாவா, மாரத்தான், நிப்பிகன் என்று சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் 17ஆம் நெடுஞ்சாலைதான் அந்தப் பயணத்தின் கடினமான பகுதி. நவம்பர் நடுவில் ஏரி இன்னும் உறைந்திருக்காது. அதன் மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் தெளிவாக இருந்த சாலை சட்டென்று வெள்ளைச் சுவராகிவிடும். வாவா பக்கத்தில் சாலையையே மூடிவிடும் நாட்கள் உண்டு. பெரும்பகுதி இருவழிச் சாலை, ஏற்ற இறக்கம், வளைவு, எதிரே பாரவண்டிகள். இருட்டியபிறகு மூஸ் மான்கள் வேறு சாலைக்கு வரும்.

தினமும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை மட்டும் ஓட்டுங்கள். பாதி டாங்குக்குக் கீழே பெட்ரோலை இறங்க விடாதீர்கள். பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே தூரம் அதிகம். கைபேசிச் சிக்னலும் பல இடத்தில் கிடைக்காது. மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, குழந்தைக்குச் சாப்பாடு இவை காரின் உள்ளேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வின்னிபெக் செவிலி | அக்டோபர் 7, மாலை 6:05

சட்பரி தங்கை சொன்னதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். இதனால் ஒரு சலுகை உங்கள் கைவிட்டுப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். மனிட்டோபா அரசு வாகனக் காப்பீட்டு நிறுவனம் விண்டர் டயர் வாங்குவதற்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. இங்கே வந்து காரைப் பதிவு செய்தபிறகுதான் அதைக் கேட்கமுடியும். வட்டி மிச்சத்துக்காக 17ஆம் நெடுஞ்சாலையை ஆல்-சீசனில் கடக்கவேண்டாம். டொராண்டோவிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இங்கே வந்ததும் உங்கள் மனைவி பயந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு விஷயம். மைனஸ் 30இல் இரவு முழுவதும் வெளியே நின்ற காரைக் காலையில் எடுத்தால் டயர் சதுரமாகிவிட்டது போலத் தடக் தடக் என்று குதிக்கும். தரையில் அழுந்தியிருந்த பகுதி தட்டையாகவே விறைத்துப்போயிருக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று தோன்றும். இரண்டு மூன்று தெரு மெதுவாக ஓட்டினால் டயர் சூடாகி வட்டத்துக்குத் திரும்பிவிடும். இது விண்டர் டயரிலும் நடக்கும், பழுது இல்லை.

ஆணி டயர் மனிட்டோபாவில் அக்டோபர் முதல் ஏப்ரல் கடைசி வரை அனுமதி. நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்குத் தேவைப்படாது. சத்தமும் அதிகம். கிராமப்புறச் சாலையில் தினமும் போகிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். தெற்கு ஒன்டாரியோவில் குடியிருப்பவர்களுக்கு அது அனுமதியே இல்லை என்பதால் உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

எஞ்சினுக்குப் பிளாக் ஹீட்டர், அதாவது நிறுத்தியிருக்கும்போது எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கக் கிரில்லில் ஒரு மின்கம்பி முனை தொங்கவேண்டும். டொராண்டோவில் வாங்கிய பல கார்களில் இருக்காது. இங்கே வாகன நிறுத்தத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மின் இணைப்பு எதற்கு என்று வந்த புதிதில் எல்லோரும் கேட்பார்கள். டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார் கிளம்பினால்தானே.

மிசிசாகாவாசி | அக்டோபர் 7, இரவு 9:18

செவிலி தங்கை சொன்ன உப்பு விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. மிசிசாகாவில் என் ஓட்டத்துக்கு ஆல்-சீசன் சரி என்பதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை. தம்பி போகும் ஊருக்கும் போகும் வழிக்கும் அதைச் சொல்லமாட்டேன். வாங்கிக்கொண்டே போகட்டும்.

வாட்டர்லூ கணக்கு | அக்டோபர் 7, இரவு 9:40

மிசிசாகா நண்பரே, உங்களுக்கும் ஒரு தகவல். ஒன்டாரியோவில் 2016 ஜனவரி முதல் விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தந்தாகவேண்டும். தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாம் கேட்டால்தான் தருவார்கள்.

கோவைக்காரன் | அக்டோபர் 9, மாலை 7:25

முடிவெடுத்துவிட்டோம். அதே 205/55 ஆர்16 அளவில் நான்கு புது விண்டர் டயர், நான்கு இரும்பு ரிம். ரிம் தனியாக வாங்கினால் ஒவ்வொரு பருவத்திலும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம், டயரின் ஓரமும் சேதமாகாது என்று கடைக்காரர் சொன்னார், சரியாகப் பட்டது. தேதிக் குறியீடு இந்த ஆண்டாக இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நவம்பர் முதல் வாரத்தில் பொருத்த நேரம் பதிவு செய்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் இங்கேயே சில நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு சந்தேகம். புது ரிம்மில் காற்றழுத்த சென்சார் போடவில்லை, எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம், பரவாயில்லையா? காற்று எவ்வளவு வைக்கவேண்டும்?

மொன்றியல் கராஜ் | அக்டோபர் 9, இரவு 8:10

நல்ல முடிவு தம்பி. விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடும். ஆனால் உங்கள் ஊரில் சென்சார் இருப்பது நல்லது, முடிந்தால் பொருத்தும்போதே போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் டயரைத் திரும்பக் கழற்றவேண்டும். காரணம் காற்று. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். சூடான கராஜில் 20 டிகிரியில் 33 வைத்துவிட்டு மைனஸ் 30இல் வெளியே நிறுத்தினால் மறுநாள் 25தான் இருக்கும். டயர் ஓட்டையாகாமலே எட்டு பிஎஸ்ஐ போய்விடும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுதான் சரி, அதைக் குளிர்ந்த டயரில், வெளியே நின்ற வண்டியில் அளந்து வையுங்கள். சென்சார் போடவில்லையென்றால் ஒரு அளவுமானி வாங்கிக் கையுறைப் பெட்டியில் வைத்து, குளிர் சட்டென்று இறங்கும் வாரங்களில் பாருங்கள்.

இன்னொன்று. பொருத்திய பிறகு 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் சில்லு நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்க்கவேண்டும், புது ரிம்மில் அவை கொஞ்சம் தளரும். கொரோலாவுக்கு முறுக்கும் அளவு 103 நியூட்டன் மீட்டர். அதற்குரிய அளவுச் சாவியால் முறுக்கச் சொல்லுங்கள், காற்றுத் துப்பாக்கியால் மட்டும் விட்டுவிட வேண்டாம். நீங்கள் சில நாள் அங்கே ஓட்டிவிட்டுத்தானே கிளம்புகிறீர்கள், பொருத்திய கடையிலேயே இதை இலவசமாகச் செய்துதருவார்கள். அதை முடித்துக்கொண்டு 17ஆம் நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.